தலைமாட்டில் ஒரு பை

பாரிமுனை. விடிகாலை நாலு மணி. கார்த்திகை மழை இப்போதுதான் விட்டிருக்கிறது.

மூடிய கடையின் படி. படியில் கோணி. கோணியில் ஒரு ஆயா. தலைக்கடியில் துணிப்பை.

பையின் வார் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருக்கிறது.

மூச்சு வருகிறது. போகிறது. என்னுடையதும்.

*

பல வருடங்கள் இந்த வழியாகத்தான் பேருந்துக்குப் போயிருக்கிறேன். கால்கள் தாமாகவே விலகி நடந்திருக்கின்றன. யாரையும் மிதித்ததில்லை. யாரையும் பார்த்ததுமில்லை.

இப்போதெல்லாம் கால் நிற்கிறது.

*

மழை பெய்தால் பை தலையிலிருந்து வயிற்றுக்குப் போகிறது. ஆயா அதன் மேல் குனிந்துகொள்கிறார். முதுகு நனைகிறது. பைக்குள் காகிதங்கள்.

யாரோ ஒருவர் ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்திருக்கிறார். ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை வைத்துத் தருவார்களே, ஜிப் வைத்த உறை, அது. கொடுத்தவருக்கு வீட்டில் சும்மா கிடந்த பொருளாக இருந்திருக்கும்.

இந்த மழையில் காகிதங்கள் நனையவில்லை.

*

2011, பிப்ரவரி 28 இரவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பவர்கள் தெருவுக்கு வருகிறார்கள். வீடில்லாதவர்களை அந்த ஒரே இரவில் எண்ணுகிறார்கள். நாடு முழுக்க 17.7 லட்சம் பேர்.

அவர்களில் எத்தனை பேர் தூக்கத்தில் எண்ணப்பட்டார்களோ.

*

ஈர சிமெண்டின் வாசனை. எங்கோ ஒரு தகரத்திலிருந்து சொட்டு. இன்னொரு சொட்டு.

*

மணிமேகலையில் ஆபுத்திரன் வருகிறான். அவனுக்கும் வீடில்லை. மதுரையில் சிந்தாதேவி கோயில் வாசலில் படுத்திருக்கிறான். பகலெல்லாம் ஓடேந்தி இரக்கிறான். பார்வையில்லாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர், யாருமில்லாதவர், எல்லோரையும் கூப்பிட்டு உண்ணச் செய்கிறான். மிஞ்சியதை உண்கிறான். இரவில் அந்த ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்குகிறான்.

ஒரு மழை இரவு. நள்ளிரவில் பசியோடு சிலர் வந்து எழுப்புகிறார்கள். கொடுக்க ஒன்றுமில்லை. அவன் கலங்குகிறான். அமுதசுரபி என்னும் பாத்திரம் அந்தக் கலக்கத்துக்குப் பிறகுதான் வருகிறது.

சின்ன வயதில் பாத்திரம் மட்டும் நினைவில் நின்றது. இப்போது அவனை எழுப்பியவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். எழுப்பலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

*

காவலாளி வருகிறார். லத்தி கக்கத்தில் இருக்கிறது.

“ஆயா, மணி அஞ்சு.”

முன்பு இருந்தவர் ஷட்டரில் தட்டுவார். அந்தச் சத்தத்தில் தெருமுனை வரை குழந்தைகள் விழித்து அழும்.

இவர் ஒரு தடவை கூப்பிடுகிறார். காத்திருக்கிறார். இன்னொரு தடவை கூப்பிடுகிறார்.

*

தண்ணீர்.

சாயங்காலத்துக்கு மேல் ஆயா தண்ணீர் குடிப்பதில்லை. இந்தத் தெருவில் பெண்கள் நிறையப் பேர் அப்படித்தான். இரவில் கழிப்பறை பூட்டியிருக்கும். இருட்டில் தனியாக எவ்வளவு தூரம் போவது? தாகத்தைத் தாங்கிக்கொள்கிறார்கள். அடிவயிறு எரிகிறது. அதையும் தாங்கிக்கொள்கிறார்கள்.

சந்துக்குள் ஒரு சிறிய ஓட்டல். மாவு அரைக்கிறவர் விடியுமுன்பே வந்துவிடுகிறார். பின்கதவைத் திறந்து வைக்கிறார். பெண்கள் ஒவ்வொருவராகப் போய்வருகிறார்கள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி கழுவுகிறார்.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

*

ஒரு லட்சம் பேருக்கு ஓர் இரவுக் காப்பகமாவது பெருநகரங்களில் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லியிருக்கிறது. சென்னையில் காப்பகங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஆண்களுக்கு வேறு, பெண்களுக்கு வேறு.

ஆயாவுக்குப் பக்கத்தில், அரை அடி தள்ளி, ஒரு தாத்தா படுத்திருக்கிறார்.

“அவரு ஒரு பக்கம், நானு ஒரு பக்கம். எதுக்குப்பா?”

பதில் என்னிடம் இல்லை. தலையாட்டுகிறேன்.

*

டீக்கடையில் விளக்கு எரிகிறது. பாய்லரின் மூச்சு.

“சக்கர போடவா ஆயா?”

“வேணாம்ப்பா. சுகரு.”

டீக்கடைக்காரர் நேற்றும் கேட்டார். நேற்றும் இதே பதில். அவருக்கு மறதி என்று முதலில் நினைத்தேன். மறதி இல்லை. எல்லோரிடமும் கேட்கிறார், ஆயாவிடமும் கேட்கிறார்.

*

தீபாவளிக்கு ஐந்து இனிப்புப் பெட்டிகள் வந்தன. ஆயா ஐந்தையும் கைநீட்டி வாங்கினார். கொடுத்தவர்கள் போன பிறகு பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

யாரும் கேட்டுவிட்டுக் கொடுக்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

*

அமாவாசையன்று பொட்டலங்கள் குவிகின்றன. ஞாயிற்றுக்கிழமை, பிறந்த நாள், நினைவு நாள். ஒரே வேளையில் நாலு கார்கள் வந்து நிற்கின்றன. மாலைக்குள் தயிர்சாதம் புளித்துவிடுகிறது. நாய்கள்கூட முகர்ந்துவிட்டு நகர்கின்றன.

பிறகு செவ்வாய் வருகிறது. யாரும் வருவதில்லை.

கொடுத்தவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. செவ்வாயை மறக்கவும் முடியவில்லை.

*

வடலூரில் வள்ளலார் 1867-இல் பசித்தவர்களுக்காக ஓர் அடுப்பை மூட்டினார். அது இன்னும் அணையவில்லை.

செவ்வாய்க்கிழமையும் எரிகிறது.

*

வெளிச்சம் இன்னும் வரவில்லை. வரப்போகிறது என்று காக்கைகளுக்குத் தெரிந்துவிடுகிறது.

*

ஏழு மணிக்கு ஆயா அம்மா உணவகத்துக்குப் போகிறார். 2013 முதல் இருக்கிறது. இட்லி ஒரு ரூபாய். வரிசையில் ஆட்டோக்காரர், மூட்டை தூக்குகிறவர், பரீட்சைக்குப் படிக்கிற பையன்.

முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய் கொடுக்கிறார். தனக்கு மூன்று, தாத்தாவுக்கு மூன்று. மீதியைக் கேட்டு வாங்கி எண்ணிப் பார்க்கிறார்.

அந்த நாலு ரூபாயை எண்ணும்போது அவரிடம் அவசரம் இல்லை.

*

நான் என்ன செய்கிறேன்?

படியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்தால் அவர் முகம் என் முகத்துக்கு நேரே இருக்கிறது. நின்றுகொண்டிருந்தபோது தலைமுடிதான் தெரிந்தது.

பேச்சு இல்லை. கல்லின் குளிர்ச்சி தொடை வழியே ஏறுகிறது. இந்தக் குளிரில்தான் இரவு முழுக்க அவர் உடம்பு கிடந்திருக்கிறது.

ஏதாவது கொடுத்துவிட்டு எழுந்து போய்விட வேண்டும் என்று மனம் துடிக்கிறது. துடிப்பைப் பார்க்கிறேன். கொஞ்சம் அடங்குகிறது.

*

“என்ன வேணும் ஆயா?”

கேட்பதற்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

அவர் யோசிக்கிறார். வெகுநேரம் யோசிக்கிறார். ஒரு பேருந்து வருகிறது. போகிறது.

மணிக்கட்டிலிருந்து வாரை அவிழ்க்கிறார். பையோடு சேருகிற இடத்தில் வார் பிய்ந்திருக்கிறது. பாதி தொங்குகிறது.

“ஒரு ஊசி. கொஞ்சம் கறுப்பு நூலு.”

*

நூல் கடை நாலு கடை தள்ளி இருக்கிறது. ஒன்பது மணிக்குத் திறக்கும்.

இன்று செவ்வாய்க்கிழமை.