பட்டிக்கு உள்ளேயிருந்து ஓர் அபிப்பிராயம்

போன வருசம் சேலத்துப் புத்தகக் காட்சியில் மூன்று நாவல்கள் வாங்கினேன். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’, ‘பூக்குழி’, இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’. மூன்றும் முன்பே படித்தவைதான், கல்லூரி நூலகத்திலும் தோழர்களிடம் இரவல் வாங்கியும். நம் வீட்டில் சொந்தமாக ஒரு பிரதி கிடக்கட்டும் என்று வாங்கினேன். இன்னொரு ஆசையும் இருந்தது. ‘கூளமாதாரி’யை அப்பாவுக்கு வாசித்துக்காட்ட வேண்டும்.

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. எட்டு வயசில் பண்ணையத்தில் ஆட்டுக்கு விட்டுவிட்டார்கள். வருசத்துக்கு இத்தனை வள்ளம் கம்பு என்று பேச்சு. தாத்தா வாங்கிய கடனுக்கு அதிலும் கழித்துக்கொள்வார்கள். பகலெல்லாம் மேட்டாங்காட்டில், ராத்திரி பட்டிக்குப் பக்கத்தில் படுக்கை. 2000ல் வந்த ‘கூளமாதாரி’ சொல்வதும் அந்த வாழ்க்கையைத்தான். கூளையன், நெடும்பன், மொண்டி, வவுறி, செவுடி என்று கவுண்டர் பண்ணையங்களில் ஆடு மேய்க்கும் சக்கிலியப் பிள்ளைகளின் கதை. பிள்ளைகளுக்குப் பேரே உடம்புக் குறையாகவோ ஏளனமாகவோதான் இருக்கும். அப்பாவுக்கும் அப்படி ஒரு பேர் இருந்தது. அதை எழுத அவர் சம்மதிக்கவில்லை.

சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்போம். முதல் நாள் ராத்திரி முப்பது பக்கம் போனது. அப்பா சொன்னார்: “ஆட்டப் பத்தி நல்லாத் தெரிஞ்சவனா இருக்கறான். ஆனா இந்தப் பசங்க என்ன இப்பிடி ஓயாமப் பேசறாங்க? நாங்க இவ்வளவு பேச மாட்டம். நாள் பூராவும் ஆட்டோடவே கெடந்தா வாயே மறந்து போவும்.”

எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு இது தோன்றியதில்லை. நான் படித்த எந்த விமர்சனத்திலும் இல்லை. அப்பா தனிக்காட்டில் தனியாளாகக் கிடந்தவர், நாவலின் பிள்ளைகள் கூட்டமாக மேய்க்கிறார்கள், அதனால் அவர் சொன்னது அவருடைய கதை, நாவலின் கதையல்ல என்று மறுப்புச் சொல்லலாம். சொல்லட்டும். ஆனால் அது ஓர் அபிப்பிராயம். அனுபவித்தவன் எழுதியவனைப் பார்த்து நேருக்கு நேர் சொன்னது.

இரண்டாம் நாள் வாசிக்க ஆரம்பிக்கும் முன்னால் கேட்டார்: “இத எழுதுனது ஆரு கண்ணு? நம்மாளா?”

“இல்லப்பா. கவுண்டர்தான். திருச்செங்கோட்டுப் பக்கம்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “நல்லாத்தான் எழுதியிருக்காங்க. அவுங்களுக்கு எல்லாந் தெரியுமே” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அன்றைக்கு ஒரு குறையும் சொல்லவில்லை.

நேற்று ‘தெரிஞ்சவனா இருக்கறான்’. இன்றைக்கு ‘எழுதியிருக்காங்க’. இடையில் நடந்தது ஒன்றே ஒன்று. எழுதியவரின் சாதி தெரிந்துவிட்டது. தமிழில் வினைமுற்றின் விகுதி ஒன்று மாறியதும் கூடவே விமர்சனமும் செத்துப்போனது. இதில் அந்த எழுத்தாளரின் தப்பு எதுவும் இல்லை. தன் சாதி செய்த கொடுமையைத் தன் பேர் போட்டு எழுதியவர் அவர். ஆனாலும் அறுபது வருசமாக ‘சாமி’ போட்டுப் பேசிய நாக்கு, புத்தகத்துக்கு முன்னாலும் கைகட்டி நிற்கிறது.

தலித் இலக்கியத்தை யார் எழுதலாம் என்று 1990களில் இதுபோன்ற இதழ்களில் பக்கம் பக்கமாக விவாதித்தார்கள். தலித்தாகப் பிறந்தவர்தான் எழுத வேண்டுமா, அனுதாபம் உள்ளவரும் எழுதலாமா என்று. அந்த விவாதம் தேவையானதுதான். எங்கள் வளவைப் பற்றி வந்த நாவல்களில் பெரும்பாலானவை வளவுக்கு வெளியே இருந்தவர்கள் எழுதியவை. ஆனால் எழுதப்பட்டதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல ஒருவனுக்கு என்ன வேண்டும் என்பதை நாம் அவ்வளவாகக் கேட்டுக்கொண்டதில்லை.

அபிப்பிராயம் இல்லாதவர்கள் இன்னொரு பக்கமும் இருக்கிறார்கள். 2010ல் வந்த ‘மாதொருபாகன்’ நாவலை 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எரித்தார்கள். சில பக்கங்களை மட்டும் நகல் எடுத்து ஊர் முழுக்கக் கொடுத்தார்கள். 2015 ஜனவரியில் கடையடைப்பு. 12ஆம் தேதி நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் சமாதானக் கூட்டம் என்று கூட்டி எழுத்தாளரை மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும்படி ஆனது. பெண்களை இழிவுபடுத்திவிட்டார், கோயிலை இழிவுபடுத்திவிட்டார் என்பது வெளியே சொன்ன காரணம். பிள்ளையில்லாத பொன்னா தேர்த் திருவிழா இரவில் சந்திக்கும் ஆள் எந்தச் சாதியோ என்கிற நடுக்கம்தான் உள்ளே இருந்த காரணம் என்பது என் எண்ணம்.

இது நடந்து ஆறு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. 2015 ஜூன் 23ஆம் தேதி அதே அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலுக்கு ஒரு பெண்ணோடு வந்த ஓமலூர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையத்துக்குப் பக்கத்தில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022ல் மதுரை நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. நாவலில் வந்த கற்பனைப் பெண்ணுக்காக மனசு புண்பட்டவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பையனுக்காகப் புண்பட்டது?

அந்த ஜனவரியில் நான் எம்.ஏ. மாணவன். எழுத்தாளருக்கு ஆதரவாக நடந்த ஒரு கூட்டத்தில் பேசினேன். அதில் தவறில்லை, இன்றைக்கும் பேசுவேன். ஆனால் ஒன்றை மறைத்தேன். அப்போதுதான் ‘பூக்குழி’யைப் படித்து முடித்திருந்தேன். 2013ல் வந்த அந்த நாவல் தர்மபுரி இளவரசனுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. குமரேசன் கட்டிக்கொண்டு வந்த சரோஜா என்ன சாதி என்று நாவல் கடைசிவரை சொல்லாது. எனக்கு அதில் வருத்தம். நத்தம் காலனியில் 2012 நவம்பரில் வீடுகளைக் கொளுத்தியவர்களுக்குச் சாதி தெரிந்துதான் இருந்தது. வாசகனுக்கு மட்டும் ஏன் தெரியக் கூடாது? பேர் சொல்லாததால் எந்த ஊர்க்காரனும் தன் ஊரை அதில் பார்க்கலாம் என்று தோழர்கள் வாதிடுகிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. என் கருத்து தப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் மேடையில் அதைச் சொல்லாமல், மகத்தான எழுத்து என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். ‘எதிரி அடிக்கிறபோது நாமும் குறை சொல்லலாமா’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யோசித்தால், அதுவும் அப்பாவின் ‘எழுதியிருக்காங்க’தான்.

2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் தூக்கிப் போடலாமே என்பது அதன் சாரம். நல்ல தீர்ப்பு. ஆனால் பொழுதுபோக்குக்குப் படிக்கிறவன் மூடி வைக்கலாம். தன் வாழ்க்கையே உள்ளே இருக்கும்போது எப்படி மூடி வைப்பது? இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு சங்கடம். ‘எங்களைப் பற்றித் தப்பாக எழுதிவிட்டான்’ என்றுதானே அவர்களும் சொன்னார்கள்? அவர்கள் குறைக்கும் நம் குறைக்கும் என்ன வித்தியாசம்? அவர்களிடம் அதிகாரம் இருந்தது, நம்மிடம் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். நாளைக்கு நம்மிடம் வந்தால் நாமும் எரிப்போமா?

கேட்டுத்தான் ஆக வேண்டும். ஏனென்றால் நாமும் கோபப்பட்டிருக்கிறோம். 1992ல் ‘கருக்கு’ வந்தபோது ஊரை அசிங்கப்படுத்திவிட்டாள் என்று பாமா மேல் சொந்த ஊரிலேயே கோபம். சில மாதம் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. 1994ல் ‘கோவேறு கழுதைகள்’ வந்தபோது, பறையர் தெருவுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் ஆரோக்கியத்தின் கதையை எழுதியதற்காக இமையத்தைத் தலித் விமர்சகர்களே கடுமையாகத் தாக்கினார்கள். நமக்குள் இருக்கும் மேல் கீழை எதிரிக்குக் காட்டிக்கொடுக்கலாமா என்று. அருந்ததியர் உள்ஒதுக்கீடு கேட்டபோதும் இதே பேச்சைத்தான் கேட்டோம். ஒற்றுமையைக் குலைக்காதே, வீட்டு விசயம் வெளியே போகக் கூடாது. 2009ல் மூன்று சதவீதம் சட்டமானது. 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்றது. ஒற்றுமை ஒன்றும் அதனால் இடிந்து விழுந்துவிடவில்லை. விழுந்திருந்தால் அது முன்பே இற்றுப்போனதுதான்.

பாமா ஊரின் கோபம் எப்படித் தணிந்தது என்பதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படித்த பிள்ளைகள் புத்தகத்தைப் படித்துப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். திருச்செங்கோட்டில் நாலைந்து பக்கம் நகல் போனது. இங்கே முழுப் புத்தகமும் காதில் போனது. எனக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான். இது போதுமா என்று கேட்டால், அப்பாவிடம் நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

மூன்றாம் நாள், தேங்காய் திருடியதற்காகக் கூளையனைக் கிணற்றில் தலைகீழாகத் தொங்கவிடும் இடம் வந்தது. அப்பா கையைக் காட்டினார். “அத உட்டுரு. அடுத்ததுக்குப் போ.” தாண்டிப் போனேன். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பக்கமே இருக்கக் கூடாது என்று இவரும் நினைக்கிறாரோ?

நாவலை முடித்து, இரண்டு நாள் கழித்து அவராகவே கூப்பிட்டார். “அன்னைக்குத் தாண்டுனயே, அந்தக் கெணத்துப் பக்கம். அதப் படி.”

படித்தேன். பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் சொன்னார்: “தொங்குனவனுக்கு எப்பிடி இருக்கும்னு தொங்குனவன்தான் சொல்லோணும். இவன் மேல நின்னு எட்டிப் பாத்து எழுதியிருக்கறான். ஆனா நல்லா எட்டிப் பாத்திருக்கறான். மத்தவனுக அந்தப் பக்கமே வர்ல.”

இவன் என்றுதான் சொன்னார். நான் திருத்தவில்லை.

அப்புறம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “வேற என்ன வாங்கிட்டு வந்த?” என்றார். ‘கோவேறு கழுதைக’ளை எடுத்து வந்தேன். வண்ணாத்தி கதை என்றதும், “நம்ம வளவுக்குத் துணி வெளுக்கறதுக்கு ஆருமே வந்ததில்லயே” என்றார். முதல் பக்கத்தைத் திருப்பினேன்.