சிபியின் தராசும் எமது பல்கனியும்

புலம்பெயர்ந்த எமது எழுத்தில் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. விசா இல்லாமல் எல்லை கடக்கும் பறவை, கூடிழந்த பறவை, சிறகு முறிந்த பறவை என்று எத்தனையோ பறவைகளைப் பாடிவிட்டோம். ஆனால் எமது யன்னல் விளிம்பில் குந்தியிருந்து எச்சமிடுகிற, விடியற்காலையில் அனுங்கி எம்மை எழுப்பிவிடுகிற சாம்பல்நிறப் புறாவைப் பற்றி நாம் எழுதுவதில்லை. வீட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வரும் நாளில்தான் அதைப் பற்றிக் கதைக்கிறோம்.

இது சின்ன விடயம்தான். ஆனாலும் இதற்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. ஓர் உயிருக்கு இரங்கும்போது அந்த இரக்கத்தின் செலவை யார் கட்டுகிறார்கள்?

முதலில் ஓர் உவமையை ஒதுக்கி வைத்துவிடுவோம். 'புறாவும் எம்மைப் போல ஓர் அகதி' என்று எழுதிவிடுவது மிக இலகு. 'பெருகிவிட்டன, அசுத்தப்படுத்துகின்றன, நோய் கொண்டுவருகின்றன' என்ற சொற்களைக் கேட்டதும் எமது காது விடைப்பது இயல்பே. இதே சொற்கள் எம்மைக் குறித்தும் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால் மனிதருக்குரிய உரிமை மனிதர் என்பதால் வருவது. புறாவோடு ஒப்பிட்டு அதை நிறுவவேண்டிய தேவை எமக்கில்லை. அதேபோல் புறாவுக்குச் சொல்வதற்கு அதனுடைய சொந்த வழக்கு ஒன்று இருக்கிறது. அதைக் கேட்க வேண்டுமானால் எமது கதையை அதன் மேல் ஏற்றாதிருக்க வேண்டும்.

அந்த வழக்கு இதுதான். நகரத்துப் புறா காட்டுப் பறவை அல்ல. கடலோரப் பாறை இடுக்குகளில் வாழ்ந்த மாடப்புறாவை மனிதர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் பிடித்துப் பழக்கினர். இறைச்சிக்கு வளர்த்தனர், எச்சத்தை வயலுக்கு எருவாக்கினர், கடிதம் சுமக்க வைத்தனர். சுவிஸ் இராணுவம் 1990களின் நடுப்பகுதி வரை தூதுப் புறாக்களை வைத்திருந்தது. வருடத்தில் பல தடவை குஞ்சு பொரிக்கும் இயல்பைக்கூட மனிதர் தமது தேவைக்காகத் தெரிந்தெடுத்துப் பெருக்கினர். பிறகு தேவை போயிற்று. தப்பியவையும் கைவிடப்பட்டவையும் பாறைக்குப் பதிலாகக் கட்டடங்களின் விளிம்புகளில் குடியேறின. இன்று நாம் தொல்லை என்று சொல்லும் அந்தப் பெருக்கம் மனிதர் கொடுத்த சீதனம். ஆகவே 'எங்கிருந்தோ வந்து தொல்லை தருகிறது' என்று கைகழுவ எவருக்கும் உரிமையில்லை.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. ஒரு புறா வருடமொன்றுக்குச் சுமார் 10 கிலோ எச்சமிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அது கல்லை அரிக்கும், பீலியை அடைக்கும். காய்ந்த எச்சத்தின் தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் நோய்கள் வரலாம். நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு ஆபத்து கூட. பறந்துபோகும் புறாவால் சுகதேகி ஒருவருக்கு வரும் ஆபத்து மிகச் சிறிது. ஆனால் அந்த எச்சத்தைச் சுரண்டிக் கழுவுபவருக்கு அது சிறிதல்ல. ஐரோப்பிய நகரங்களில் அந்த வேலையைச் செய்பவர் யார்? விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பிக் கிளீனிங் வேலைக்குப் போகிற எமது சனங்களுக்கு இதற்கு விடை தெரியும்.

இனி எமது பல்கனிக்கு வருவோம். ஊரில் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் எமது அம்மாமார் விரத நாளில் சாப்பிட்டார்கள். அமாவாசை, திவசம், சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பழக்கம் எம்மோடு விமானமேறி வந்துவிட்டது. காகம் இங்கும் உண்டு. ஆனால் நாலாம் மாடிப் பல்கனியில் வைத்த சோற்றுக்கு முந்தி வருவது புறாதான். ஒரு நாள் வைத்த சோறு கிழமைதோறும் என்றாகிப் பிறகு நாள்தோறும் என்றாகிறது. பிதிரர் வந்து உண்டார்கள் என்ற நிறைவு எமக்கு. மூன்றாம் மாடியில் உடுப்புக் காயப்போட்ட கிழவிக்கு எச்சம். நாம் புண்ணியத்தைச் சேர்த்துக்கொண்டு அதன் கணக்கைக் கீழ்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

இந்த இடத்தில்தான் சிபியின் கதையைத் திரும்ப நினைக்க வேண்டியிருக்கிறது. சோழர் தம்மைச் சிபியின் வழிவந்தவர் என்று சொல்லிக்கொண்டனர். புத்த சாதகக் கதைகளிலும் அவனுக்கு இடமுண்டு. பருந்துக்குத் தப்பி வந்த புறாவுக்கு அவன் அடைக்கலம் கொடுத்தான் என்பதோடு நாம் கதையை நிறுத்திவிடுகிறோம். ஆனால் கதையின் உயிர் பருந்தின் வாதத்தில் இருக்கிறது. 'நீ அதன் உயிரைக் காத்தால் என் உயிர் போகும். என் பசிக்கு என்ன பதில்?' என்று பருந்து கேட்கிறது. சிபி அதைத் துரத்தவில்லை. அதன் கோரிக்கையும் நியாயம் என்று ஏற்றுக்கொண்டான். பிறகு தராசைக் கொண்டுவரச் சொல்லித் தன் தசையை அரிந்து வைத்தான். அயலானின் தசையை அரியவில்லை. கருணைக்கும் தாராள மனம் கொண்டவர் என்ற பெயருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

இரக்கத்தை இந்தத் தராசில் நிறுத்தால் கொலையையும் அதிலேயே நிறுக்க வேண்டும். சுவிஸ் நகரமான பாசலின் அனுபவம் இதற்கு உதவும். 1961க்கும் 1985க்கும் இடையில் அங்கே சுட்டும் பிடித்தும் ஏறத்தாழ ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றார்கள். நகரத்தின் புறாத்தொகை அப்படியே 20,000 அளவில் நின்றது. காரணம் எளியது. புறாக்களின் தொகையைத் தீர்மானிப்பது துப்பாக்கி அல்ல, தீனி. தீனி குறையாதவரை செத்ததின் இடத்தை அடுத்த வருடக் குஞ்சு நிரப்பிவிடும். அதாவது கால் நூற்றாண்டுக் கொலைகள் எந்தப் பயனும் தரவில்லை. பயனுள்ள கொலையை நியாயப்படுத்த முயல்பவர்கள்கூடப் பயனற்ற கொலையை எப்படி நியாயப்படுத்துவார்கள்?

1988இல் பாசல் பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் டானியல் ஹாக்-வாக்கர்நாகலின் வழிகாட்டலில், மிருகப் பாதுகாப்புச் சங்கத்தின் ஆதரவோடு வேறொரு வழி தொடங்கியது. தீனி போடுவதால் நெரிசலும் நோயும் பெருகிப் புறாக்களே துன்பப்படுகின்றன என்று சனங்களுக்கு விளங்கப்படுத்தினார்கள். மேற்பார்வைக்குட்பட்ட புறாக்கூடுகளை அமைத்து, அங்கே இடப்பட்ட முட்டைகளை எடுத்தார்கள். ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் தொகை பாதியாகக் குறைந்தது. துப்பாக்கி செய்யாததைச் சனங்களின் மனமாற்றம் செய்தது.

முட்டையை எடுப்பதும் கொலைதானே என்று கேட்கலாம். பல நகரங்களில் முட்டைக்குப் பதிலாகப் போலி முட்டையை வைக்கிறார்கள். தாயும் தகப்பனும் முறைவைத்து அடைகாத்து ஏமாறுகின்றன. இதில் வஞ்சனை இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அன்றிட்ட முட்டைக்கு நோவு தெரியாது. பசியால் கூட்டில் வாடும் குஞ்சுக்குத் தெரியும். குற்றமே இல்லாத வழியொன்று கிடைக்காதபோது, நோவைக் குறைக்கும் வழியைத் தெரிந்து, அதில் எஞ்சுகிற குற்றத்தையும் ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

ஜேர்மனியின் லிம்பேர்க் நகரசபை 2023இல் புறாக்களைக் கழுத்து முறித்துக் கொல்ல முடிவெடுத்தது. 2024இல் அந்த முடிவு பற்றி நகர மக்களிடம் வாக்கெடுத்தபோது பெரும்பான்மையோர் அதை ஆதரித்தார்கள். எச்சத்தால் சலித்துப்போன கடைக்காரர்களை நாம் அரக்கர் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் வாக்கு ஒரு முடிவைச் சட்டமாக்கும், நியாயமாக்காது. இதை 1956இலிருந்தே அறிந்தவர்கள் நாம். வாக்களிக்க முடியாத உயிரைப் பற்றிய வாக்கெடுப்பில் இன்னும் அதிக கூச்சம் வேண்டும்.

வீட்டளவில் இதன் அர்த்தம் என்ன? பல்கனியை வலையிட்டு மூடலாம்; அது எமது உரிமை. ஆனால் மூடுமுன் மூலையில் கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முட்டை பொரிக்கப் பதினெட்டு நாள் அளவிலும், குஞ்சு பறக்க அதன்பின் ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். வலைக்கு உள்ளே குஞ்சும் வெளியே தாயுமாக அடைத்துவிட்டு வேலைக்குப் போய்விடக்கூடாது. ஐந்து சென்ரிமீற்றர்க் கண்ணுள்ள வலையை இழுத்து இறுக்கிக் கட்டவேண்டும். தொய்ந்த வலையில் சிக்கும் புறா நாட்கணக்கில் சாகும். கட்டியவர்தான் அதைப் பார்க்கவும் வேண்டும். எச்சத்தை முதலில் நனைத்து, முகமூடி அணிந்து, நாமே துடைக்க வேண்டும். காகத்துக்கு வைக்கும் சோறு எங்கே போகிறது என்றும் யோசிக்க வேண்டும். பிதிரரின் பெயரால் ஒருபிடி சோறு பசித்த மனிதர் ஒருவருக்குப் போனால் அவர்கள் கோபிக்கமாட்டார்கள் என்றே நம்புகிறோம்.

எமக்குப் புகலிடம் தந்தவர்களும் ஏதோவொரு செலவைக் கட்டினார்கள். சிலர் மனமுவந்து, சிலர் முணுமுணுத்து. இரக்கம் இலவசமல்ல என்பது எமக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரங்கினாலும் விலக்கினாலும் அதன் விலையைத் தன் பக்கத்துத் தட்டில் வைப்பவருக்கே அந்தச் செயல் சொந்தம். மற்றதெல்லாம் அடுத்தவரின் தசையை வைத்து நிறுக்கிற தராசு.