விட்டது யார் தலையில்

ஒன்றை விட்டுவிடுவதற்கு ஆங்கிலத்தில் ஏகப்பட்ட வினைச்சொற்கள். துறைமுகத்தை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அவற்றில் பாதி அகராதி இல்லாமலே பழக்கம். சென்னை ராஜாஜி சாலை அலுவலகங்களில் அவை ரப்பர் ஸ்டாம்பாகவும் படிவமாகவும் கைக்கு வருகின்றன. சிலவற்றை இங்கே குறித்து வைக்கிறேன்.

*

சரண்டர். சினிமாவில் கையைத் தூக்கிக்கொண்டு வருவது. கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில், "பி.எல். சரண்டர் ஆயிடுச்சா?" என்று போனில் கேட்பது. சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான பத்திரம்தான் பி.எல். அசலைக் காட்டுகிறவருக்கே சரக்கு. அனுப்பியவர் தன் ஊரிலேயே அசலைக் கப்பல் கம்பெனியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால், நகலின் மேல் 'சரண்டர்ட்' என்று ஒரு முத்திரை விழும். அதன் பிறகு அசல் தபாலில் வந்து சேரட்டும் என்று இங்கே யாரும் காத்திருக்க வேண்டாம். பணம் வந்துவிட்டது, அல்லது வாங்குபவர் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். கொடுத்தவருக்கு இதில் தோல்வி எதுவும் இல்லை. அரசு ஊழியர் ஈட்டிய விடுப்பை சரண்டர் செய்து காசாக்குவதும் இந்த வகைதான். எதிரே கை நீட்டி வாங்க ஒருவர் இருந்தால்தான் சரண்டர் நடக்கும். அது இந்தச் சொல்லின் நல்ல குணம்.

*

வெய்வ். கெடு தாண்டி கன்டெய்னர் கிடந்தால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும். எண்ணூர் விரைவுச்சாலையில் லாரி வரிசை நகரவில்லை, சர்வர் படுத்துவிட்டது என்று காரணங்களை அடுக்கி வெய்வர் கேட்டு எழுதுவார்கள். கேட்டு வாங்க உரிமை உள்ளவர்தான் வேண்டாம் என்று சொல்ல முடியும். ஆகவே இந்த வினை எப்போதும் மேலேயிருந்துதான் இறங்கும். கீழே இருப்பவருக்கு உள்ளதெல்லாம் 'தயவுகூர்ந்து' என்ற ஒரு சொல்.

*

ரிலிங்க்விஷ். 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் இருக்கிறது. சரக்கை விடுவிக்கும் உத்தரவு வருவதற்கு முன்பு, 'இதன் மேல் எனக்கு உரிமை வேண்டாம்' என்று இறக்குமதியாளர் எழுதிக் கொடுக்கலாம். உரிமையோடு தீர்வை கட்டும் பொறுப்பும் போய்விடும். சந்தையில் விலை சரிந்துவிட்டால், எடுப்பதைவிட விடுவதே லாபமாகிவிடுகிறது. ஆனால் குற்றம் நடந்ததாகத் தெரியும் சரக்கை இப்படி உதற முடியாது. அந்த வாசலைச் சட்டம் அடைத்துவைத்திருக்கிறது.

2015இல் பிடிபட்ட அம்மோனியம் நைட்ரேட், ஏறத்தாழ 697 டன், 37 கன்டெய்னர்களில் மணலியில் கிடந்தது. பக்கத்தில் வீடுகள். 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் வெடித்த பிறகுதான் ஊர் அதைத் திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம் அவசர அவசரமாக லாரிகளில் ஹைதராபாத்துக்குப் போனது. உரிமை யாருடையது என்பதற்குக் காகிதம் இருந்தது. பக்கத்தில் குடியிருந்தவர்கள் அந்தக் காகிதத்தில் எந்த வரியிலும் இல்லை.

*

அபாண்டன். பெய்ரூட்டில் வெடித்த சரக்கு வந்த கப்பலின் பெயர் ரோசஸ். 2013இல் அங்கே போய் மாட்டிக்கொண்டதும் முதலாளி கைகழுவிவிட்டார். கேப்டனும் சில மாலுமிகளும் மாதக்கணக்கில் கரையிறங்க முடியாமல் கப்பலிலேயே கிடந்தார்கள்.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. ஊர் திரும்பும் செலவைத் தராவிட்டாலோ, சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் விட்டாலோ, இரண்டு மாதச் சம்பளம் நின்றாலோ அந்த மாலுமி கைவிடப்பட்டவர். இந்தியா இந்த உடன்படிக்கையை ஏற்றது 2015இல்.

அதே வினை வேறொரு சமயம் கட்டளையாக வரும்: கப்பலை விட்டு இறங்கு. 2012 அக்டோபர் 31, நீலம் புயல். சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பிரதிபா காவேரி கப்பல் இழுபட்டு பெசன்ட் நகர் பக்கம் தரைதட்டியது. உயிர்காக்கும் படகில் இறங்கியவர்களில் ஆறு பேர் மாண்டார்கள். கப்பல் மூழ்கவில்லை. 'இறங்காமலே இருந்திருக்கலாம்' என்று மறுநாள் கரையில் இருந்துகொண்டு சொல்வது சுலபம்.

*

ரிசைன். திருவொற்றியூர் ஆலைக்காரர்கள் இந்தச் சொல்லைச் சொல்வதில்லை. "பேப்பர் போட்டாச்சு" என்பார்கள். விருப்ப ஓய்வுக்கு வந்தால் வாக்கியமே புரண்டுவிடும்: "வி.ஆர்.எஸ். குடுத்து அனுப்பிட்டாங்க." விருப்பம் தொழிலாளியுடையது என்கிறது படிவம். கொடுத்தது யார் என்பதில் திருவொற்றியூர்ப் பேச்சுக்குக் குழப்பமே இல்லை.

*

நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011 அக்டோபரில் சென்னைத் துறைமுகம் நிலக்கரியையும் இரும்புத் தாதையும் கையாள்வதை விட்டது. கரித்தூசி படிந்து கிடந்த ராயபுரத்து மொட்டை மாடிகளுக்கு மூச்சு வந்தது. நிலக்கரி வடக்கே எண்ணூருக்குப் போயிற்று. அங்கேயும் மொட்டை மாடிகள் உண்டு, கொடியில் துணி உண்டு.

*

ரினவுன்ஸ். துறவு என்ற பொருளில் இதற்குப் படிவம் கிடையாது. திருவொற்றியூர் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துக் கடல் வணிகர். சரக்கு, கிடங்கு, கணக்கு எல்லாம் அறிந்தவர். ஒருநாள் அத்தனையும் உதறிவிட்டுக் கோவணத்தோடு கிளம்பிவிட்டார். அவரைத் துறக்கவைத்த காதறுந்த ஊசிக் கதையைக் குழந்தைக்குக்கூடச் சொல்லிக் கொடுக்கிறோம். அவருடைய கணக்குப்பிள்ளை சேந்தனாரின் கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை.

கிடங்கைத் திறந்துவிடு, வேண்டியவர்கள் எடுத்துப் போகட்டும் என்றார் முதலாளி. சேந்தனார் திறந்துவிட்டார். சொந்தக்காரர்கள் அரசனிடம் முறையிட்டார்கள். சோழன் கணக்குப்பிள்ளையைச் சிறையில் போட்டான். துறந்தவர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். சாவி வைத்திருந்தவர் உள்ளே இருந்தார்.

பட்டினத்தார் திரும்பி வந்தார், சேந்தனாரின் வீட்டார் காலில் விழுந்து அழுதார்கள், அவர் இறைவனைப் பாடிச் சேந்தனாரைச் சிறையிலிருந்து விடுவித்தார் என்று கதை முடிகிறது. கோவணத்தோடு புறப்பட்டதைவிட இந்தத் திரும்பிவருதல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தான் விட்டது யார் தலையில் விழுந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியவந்தது. தெரிந்த பிறகு சும்மா போகவில்லை. மற்ற வினைகளெல்லாம் கையெழுத்தோடு முடிந்துவிடுகின்றன. விட்டதற்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று விட்டவரைக் கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.