தொலைவில் இருப்பவன் யார்?

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணியளவில் சுமத்ராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தது. சில மணி நேரத்திற்குள் பேரலை நாகப்பட்டினம் கரையைத் தாக்கியது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிறிஸ்துமஸ் கொண்டாட வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் பலரும் அவர்களுள் அடங்குவர்.

அடுத்த ஞாயிறு, ஜனவரி 2. பெங்களூரு ஜீவனஹள்ளியில் வசிக்கும் கிறிஸ்தவ அன்பர் ஒருவர், அன்று தம் ஆலயத்தில் நடந்ததை என்னிடம் கூறியதுண்டு. வழிபாட்டின் முடிவில் சுனாமி நிவாரணத்திற்கெனத் தனிக் காணிக்கை எடுக்கப்பட்டது. அப்போது முதியவர் ஒருவர் எழுந்து, “கூலி கிடைக்காத நாளில் அடுப்பு எரியாத வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன. அவர்களை விட்டுவிட்டு நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஏன் அனுப்ப வேண்டும்?” என்று கேட்டாராம்.

இதை ஈரமற்றவரின் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. அன்பு அருகிலிருந்துதான் தொடங்குகிறது. தொலைவிலுள்ளவர்களுக்காக உருகிவிட்டு வாசலில் நிற்பவரைக் காணாதிருப்பது எளிது. அது பல நேரங்களில் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் இரக்கமாகவும் இருக்கிறது.

மனித மனத்தின் இந்த இயல்பை ஆடம் ஸ்மித் 1759-இல் வெளியான தமது அறநெறி நூலில் ஆராய்கிறார். சீன தேசம் முழுவதையும் நிலநடுக்கம் விழுங்கிவிட்டது என்று கேள்விப்படும் ஐரோப்பியன் சிறிது நேரம் வருந்திவிட்டு நிம்மதியாக உறங்குவான். நாளை தன் சுண்டுவிரல் போய்விடும் என்றாலோ இரவெல்லாம் விழித்திருப்பான். ஆனால் ஸ்மித் அங்கே நிறுத்தவில்லை. அந்த விரலைக் காப்பதற்காக அத்தனை உயிர்களையும் பலிகொடுக்க அவன் துணிவானா? துணியமாட்டான். அவனைத் தடுப்பது மெல்லிய இரக்க உணர்ச்சி அன்று. உள்ளே அமர்ந்து நீதி கூறும் மனசாட்சி. உணர்ச்சி தூரத்தைக் கணக்கிடுகிறது, மனசாட்சி கணக்கிடுவதில்லை.

அப்படியானால் முதியவருக்கு என்ன விடை? சாதாரண நாட்களில் துன்புறுபவருக்கு அண்டை வீட்டார் இருக்கின்றனர். கஞ்சி கொடுக்கவும், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், கடன் தரவும் ஒரு கை உண்டு. பேரிடரிலோ அந்த அண்டை வீடும் சேர்ந்தே அழிகிறது. அக்கரைப்பேட்டையில் படகை இழந்த மீனவருக்குப் பக்கத்துப் படகுக்காரர் கைகொடுக்க இயலவில்லை. அவருடைய படகும் உடைந்து கிடந்தது. அருகிலுள்ளோர் அனைவரும் வீழ்ந்துவிட்டபோது, தொலைவில் நிற்பவனே அண்டை வீட்டுக்காரனாகிறான். அந்தக் கடமை அவனைத் தேடி வருகிறது.

ஆதித் திருச்சபை இதை அறிந்திருந்தது. கிலவுதியுப் பேரரசரின் காலத்தில் யூதேயாவைப் பஞ்சம் வாட்டியது. சுமார் 500 கிலோமீட்டர் தொலைவிலிருந்த அந்தியோக்கியாவின் விசுவாசிகள், அவரவர் சக்திக்கேற்பப் பொருள் திரட்டி பர்னபா, சவுல் ஆகிய இருவர் கையில் கொடுத்தனுப்பியதை அப்போஸ்தலர் பணிகள் கூறுகிறது. சவுல் என்பவரே பின்னாளில் பவுல் என்று அறியப்பட்டவர். எருசலேமின் ஏழைகளுக்காக மீண்டும் காணிக்கை திரட்டியபோது, வாரந்தோறும் சிறிது எடுத்துவைக்குமாறு அவர் கொரிந்தியருக்கு எழுதினார். பிறர் குறை கூற இடமின்றி அதை எடுத்துச்செல்ல நம்பிக்கைக்குரியவர்களையும் உடன் சேர்த்துக்கொண்டார். அன்றைக்கே கருணையோடு ஒழுங்கும் கணக்கும் இணைந்திருந்தன.

ஆனால் தூரத்திலிருந்து கொடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. வாங்குபவரின் முகம் கொடுப்பவருக்குத் தெரிவதில்லை. சுனாமிக்குப் பின் நாகப்பட்டினப் பகுதிக்கு நாடெங்கிலுமிருந்து பழைய துணிகள் வந்து குவிந்தன. எடுப்பாரின்றி அவை சாலையோரங்களில் கிடந்தன. ஜீவனஹள்ளி அன்பர் நிவாரணப் பொருள்களோடு அங்கே சென்றபோது அந்தக் குவியல்களைக் கண்டார். “நான் கட்டிய மூட்டையிலும் கிழிந்த சட்டைகள் இருந்தன. வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததைத்தான் தானம் என்று அனுப்பியிருந்தேன்” என்றார் அவர். அங்கிருந்த மீனவர் ஒருவர் அவரிடம் கோபமின்றிச் சொன்ன வார்த்தை இது: “துணி வேண்டாம் ஐயா. வலை இருந்தால் நாங்களே வாங்கிக்கொள்வோம்.”

கடலில் உழைத்து, பிடித்த மீனை விற்று, யாரிடமும் கையேந்தாமல் வாழ்ந்தவர்கள் அவர்கள். அலை அவர்களுடைய உடைமைகளைப் பறித்தது. சிந்தனையற்ற தானம் எஞ்சியிருந்த மானத்தையும் பறிக்கப் பார்த்தது. கொடுக்கும் முறையைச் சொல்லும்போது தைத்திரீய உபநிஷதம், சிரத்தையோடு மட்டுமின்றி நாணத்தோடும் அறிவோடும் கொடுக்குமாறு போதிப்பதன் ஆழம் இங்கே விளங்குகிறது. நம்மிடம் மிஞ்சியது எது என்பதல்ல, அவருக்குத் தேவையானது எது என்று கேட்பதே அந்த அறிவு. கேட்கும்போது தூரம் குறைகிறது.

ஊர் திரும்பிய அன்பர், அடுத்த முறை ஆலயத்தில் வலைக்கும் படகுப் பழுதுக்குமாகப் பணம் திரட்டினார். கேள்வி கேட்ட முதியவரும் கொடுத்தாராம். கொடுத்துவிட்டு, “அந்தத் தெருவை மறந்துவிடாதே” என்றாராம்.

2018-இல் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. 2024-இல் வயநாட்டின் மலைச்சரிவு ஊர்களைப் புதைத்தது. ஒவ்வொரு முறையும் காணிக்கைப் பெட்டி முன்னே வரும்போது இரண்டு கடமைகள் நம்மைப் பார்க்கின்றன. தொலைவிலுள்ளவருக்கு இன்று கொடுத்தது, அருகிலுள்ளவருக்கு நாளை செய்யவேண்டியதைத் தள்ளுபடி செய்துவிடாது. முதியவரின் கேள்விக்குக் காணிக்கை பாதி விடைதான். மறு பாதி அந்தத் தெருவில் இன்னும் காத்திருக்கிறது.