முள் சொல்வதை எப்போது நம்புவது?

மோட்டார் படகின் எரிபொருள் மீட்டர் டேங்கைப் பார்ப்பதில்லை. டேங்குக்குள் ஒரு மிதவை ஏறி இறங்குகிறது. அதோடு சேர்ந்து ஒரு மின்தடை கூடிக் குறைகிறது. அந்தத் தடை விடுகிற மின்னோட்டத்துக்கு ஏற்ப முள் நகர்கிறது. ஆகவே, முள்ளைக் காண்பது மட்டுமே காட்சி. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது என்பது அனுமானம். புகையைக் கண்டு மலையில் நெருப்பு உண்டென்று அறிவதற்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடு இல்லை. இத்தகைய அறிவு எப்போது செல்லும், அதற்கு உறுதி தருவது எது என்று நியாயம், மீமாம்சை, பௌத்தம் ஆகிய மரபுகள் பல நூற்றாண்டுகள் வாதிட்டன. தமிழில் மணிமேகலையும் சிவஞான சித்தியாரும் அறிவைப் பெறும் வழிகளான அளவைகளை விரித்துப் பேசுகின்றன. படகில் மின்கோளாறு தேடுபவருக்கு முன்னால் நிற்பதும் அதே கேள்விதான்.

அமெரிக்க முறை மீட்டர்களில் டேங்க் காலியானால் தடை ஏறத்தாழ 240 ஓம். நிரம்பினால் 33 ஓம். ஐரோப்பிய முறையில் இது தலைகீழ்: காலிக்கு 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம். மிதவையிலிருந்து வரும் வயர் அறுந்தால் தடை எல்லையற்றதாகிவிடும். அப்போது அமெரிக்க முறை மீட்டர் ‘காலி’ என்று காட்டும். ஐரோப்பிய முறை மீட்டர் ‘நிறைவு’ என்று காட்டும். ஒரே அறுந்த வயர், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கூற்றுகள். நியாய மரபினர் இந்தக் குறையை உபாதி என்ற கருத்தால் விளக்கினார்கள். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு. ஆனால் நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை இருக்காது, அதற்கு ஈர விறகு வேண்டும். அந்த ஈர விறகே உபாதி. ‘முள் கீழே கிடந்தால் டேங்க் காலி’ என்ற விதிக்கும் அப்படியொரு மறைந்த நிபந்தனை உண்டு: வயரும் இணைப்பும் முழுதாக இருக்க வேண்டும். மீட்டரின் பின்புறம் மிதவை வயரைக் கழற்றி, அது மாட்டியிருந்த மீட்டர் முனையை ஒரு கணம் எர்த்தோடு இணைத்துப் பார்ப்பது அந்த நிபந்தனையைத் தனியே பிரித்துச் சோதிக்கும் வழி. அமெரிக்க முறையில் முள் ‘நிறைவு’க்கு ஏறினால் மீட்டர் நல்லது, கோளாறு வயரிலோ மிதவையிலோ இருக்கிறது.

இன்மையை அறிவது இதைவிடக் கடினம். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் மீமாம்சை ஆசிரியர் குமாரில பட்டர், ஒன்றைக் காணாமையும் தனி அளவையே என்றார். ஆனால் அந்தப் பொருள் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதால் குடம் இல்லை என்றாகாது. என்ஜின் வெப்பமானியில் இந்த நிபந்தனை உயிர்காப்பது. அதன் சென்சார் குளிர்விக்கும் நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். நீர் முழுவதும் வெளியேறிவிட்டால், என்ஜின் கொதிக்கும்போதும் முள் தாழ்ந்தே நிற்கக்கூடும். சூடு தெரியவில்லை என்பது அங்கே சூடின்மைக்குச் சான்றல்ல.

மீட்டரைச் சோதிக்க மல்டிமீட்டர் எடுத்தால், மல்டிமீட்டரைச் சோதிப்பது எது? இந்தக் கேள்வியை அதன் கூர்மையான வடிவில் எழுப்பியவர் பௌத்த சிந்தனையாளர் நாகார்ஜுனர். பொருள்களை அளவைகள் நிறுவுகின்றன என்றால் அளவைகளை நிறுவுவது எது என்று அவர் கேட்டார். நியாய சூத்திரம் தராசைக் காட்டிப் பதில் சொல்கிறது: எடை போடும் கருவியான தராசே வேறொரு நேரத்தில் அளந்தறியப்படும் பொருளாகவும் ஆகலாம். நிலையான ஒரு அடித்தளம் தேவையில்லை, ஒன்றையொன்று சரிபார்க்க இடமிருந்தால் போதும் என்பது இதன் உட்கருத்து. இந்தப் பதில் நாகார்ஜுனரை முழுதாக வாயடைக்கவில்லை; ஆனால் கருவிகளோடு வேலை செய்வோர் நடைமுறையில் வாழ்வது இதை நம்பித்தான். மல்டிமீட்டரை முதலில் பேட்டரியின் முனைகளில் வைத்துப் பார்க்கிறார்கள். முழுதாக சார்ஜாகி ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 காட்ட வேண்டும்.

மல்டிமீட்டரும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. உப்புக்காற்றில் களிம்பு ஏறிய இணைப்பின் வழியே மல்டிமீட்டர் 12.6 வோல்ட்டையே காட்டலாம். ஏனெனில் அது இழுக்கும் மின்னோட்டம் மிக அற்பம். அதே இடத்தில் ஒரு டெஸ்ட் லேம்பை மாட்டினால் பல்பு மங்கும், மின்னழுத்தம் சரியும். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் தம் நியாய பாஷ்யத்தின் தொடக்கத்திலேயே, அறிவின் செல்லுபடி அதை வைத்துச் செய்யும் செயலின் வெற்றியால் தெரியும் என்கிறார். தாகத்தோடு போனவனுக்கு நீர் கிடைத்தால் கண்டது கானல் அல்ல. சுமை ஏற்றிப் பார்க்கும் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது.

ஆனால் எல்லா இணைப்பையும் சுமை ஏற்றிச் சோதித்த பிறகே படகை எடுப்பது என்றால் எந்தப் படகும் கரையை விட்டுப் போகாது. இங்கே மீமாம்சகர் கை ஓங்குகிறது. எழும் அறிவு தானே செல்லுபடியாகும். எதிரான அறிவு வந்தாலோ, அறிவைத் தந்த கருவியில் குறை தெரிந்தாலோ மட்டும் அதைக் கைவிட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. சரிபார்ப்பு மூன்று நான்கு படிகளுக்கு மேல் போகத் தேவையில்லை என்று குமாரிலர் சொன்னார். நியாய மரபினரும் காரணமில்லாத ஐயத்தை ஏற்கவில்லை. ஐயம் எழுந்த பிறகு எங்கே தொடங்குவது என்பதற்கு அவர்கள் போற்றிய லாகவம் உதவுகிறது: கற்பனை செய்யும் காரணங்கள் குறைவாக இருக்கட்டும். எல்லா முட்களும் ஒரே நேரத்தில் விழுந்தால் எல்லா மீட்டர்களும் கெட்டன என்று எண்ண வேண்டாம். பொதுவான எர்த் வயரையும், இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் இணைப்பையும், என்ஜினுக்குப் போகும் பலமுனை பிளக்கையும் முதலில் பார்க்க வேண்டும்.

பிழையின் விலை இரு பக்கமும் சமமல்ல என்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வெப்பமானி ஆபத்தைக் காட்டினால், சென்சார் பொய் சொல்கிறதோ என்று ஆராய்வதற்கு முன் என்ஜினை நிறுத்துவதே சரி. எச்சரிக்கையை நம்பி ஏமாந்தால் கொஞ்சம் நேரம் போகும், நம்பாமல் ஏமாந்தால் என்ஜின் போகும். முள் ‘நிறைவு’ என்றாலோ ‘குளிர்ச்சி’ என்றாலோ அதற்கு இரண்டாவது சாட்சி வேண்டும்: டேங்கில் இறக்கிப் பார்க்கும் அளவுகோல், என்ஜினிலிருந்து வெளியேறும் குளிர்விப்பு நீரின் ஓட்டம், கடந்த தூரத்துக்கு இவ்வளவு செலவாகியிருக்கும் என்ற கணக்கு.