ஆபத்து இல்லாத இடத்தில் ஆபத்தர்மம்

சைட்டில் பத்துக் கம்பி குறைந்தால் வாட்ச்மேனை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற ஒப்பந்ததாரர், தன் அலுவலகக் கணினியில் ஓடும் வரைபட மென்பொருளான ஆட்டோகேட் காசு கொடுத்து வாங்கியதா என்று கேட்டால் சிரிப்பார். கோயில் திருப்பணிக்கு நன்கொடை எழுதுகிறவர், சனிக்கிழமை கூலியை ஒரு வாரமும் தள்ளிப்போடாதவர். அவரைத் திருடர் என்று சொல்ல நமக்கே நா எழாது. நல்ல மனிதர் ஒருவர் மனம் உறுத்தாமல் ஒரு காரியத்தைச் செய்தால், அதற்கு ஒரு நியாயமும் கையில் வைத்திருப்பார். அந்த நியாயம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதே கேள்வி.

முதல் நியாயம்: நகல் எடுத்தால் யாருக்கும் எதுவும் குறைவதில்லை. கம்பியை எடுத்தால் கம்பி போகிறது. மென்பொருளை நகலெடுத்தால் மூலம் அங்கேயே இருக்கிறது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு விளக்கில் இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறையுமா என்ற பொருளில் தாமஸ் ஜெஃபர்சன் 1813-லேயே எழுதியிருக்கிறார். ஆனால் அதே கடிதத்தில், உழைத்துக் கண்டுபிடிப்பவருக்கு ஊக்கமாகச் சமூகம் ஓர் உரிமையைத் தரலாம் என்றும் ஒப்புக்கொள்கிறார். நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவும் இந்த நுணுக்கத்தை விடவில்லை. திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள் சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்றால் மட்டும் சிறையை நீதிமன்றம் தவிர்க்கலாம். வீட்டில் வரைந்து பழகும் மாணவனையும் சதுர அடிக்கு ரேட் பேசும் ஒப்பந்ததாரரையும் சட்டமே ஒரே தட்டில் வைக்கவில்லை. சமணர்களின் தத்துவார்த்த சூத்திரம் இன்னும் கூர்மை. கள்ளாமை விரதத்துக்கு நேரும் குற்றங்களாக அது எண்ணும் ஐந்தில் திருட்டுப் பொருளை வாங்குவதும், கள்ள அளவையும், போலிச் சரக்கு வியாபாரமும் உண்டு. பூட்டை உடைப்பவனைவிடக் கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கே அந்தப் பட்டியல் பொருந்தும். ஒரே வீட்டுக்கு இருவர் கொட்டேஷன் கொடுக்க, மென்பொருளுக்குப் பணம் கட்டியவர் அந்தச் செலவையும் சேர்த்து ரேட் சொல்லி வேலையை இழந்தால், நகலால் நஷ்டமடைந்தவர் அங்கேயே இருக்கிறார். அவர் அமெரிக்க நிறுவனம் அல்ல, பக்கத்துத் தெருக்காரர்.

இரண்டாவது நியாயம் இல்லாமை. மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில், பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தில் விசுவாமித்திரர் சண்டாளன் குடிசையில் நாய் இறைச்சியைத் திருட வருகிறார். அந்தச் சண்டாளனே வேண்டாம் என்று தர்மம் பேசித் தடுத்தும் எடுத்துப் போகிறார். கதை அவரைப் பழிக்கவில்லை. உயிர் போகிற நிலை, வேறு உணவும் கிடையாது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஆபத்துக்கால விதிவிலக்கான ஆபத்தர்மம். சிறு ஒப்பந்ததாரர் வரைவது என்ன? பிளான், செக்‌ஷன், எலிவேஷன், காலம் லேஅவுட், ஃபுட்டிங் விவரம். எல்லாம் இருபரிமாணக் கோடுகள். அதற்கு லிப்ரேகேட் இலவசமாகவே கிடைக்கிறது. பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்றவற்றை ஒரே முறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். (இலவசம் என்றதும் மயங்கவும் வேண்டாம்: டிராஃப்ட்சைட்டின் இலவசப் பதிப்பு 2019 முடிவோடு நின்றுபோனது.) இத்தனை இருக்கும்போது பஞ்சம் என்று சொல்ல வழியில்லை.

மூன்றாவது நியாயம் கோபத்திலிருந்து வருகிறது, அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. 2016-இல் ஆட்டோகேட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தி, புதிதாக வாங்குவோரைச் சந்தாவுக்கு மாற்றியது. கட்டுவதை நிறுத்தினால் மென்பொருளும் நின்றுவிடும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் அனுப்பும் ஆட்டோகேட்டின் டிடபிள்யூஜி கோப்பு வேறு மென்பொருளில் சில சமயம் சரியாகத் திறக்காது. லிப்ரேகேட்டில் அந்தத் தொல்லை கூடுதல். ஆனால் கடைக்காரன் மேல் கோபம் என்றால் கடையை மாற்ற வேண்டும், அவன் சரக்கையே காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. கிராக் போட்ட ஒவ்வொரு கணினியும் அந்த மென்பொருளுக்கே இன்னொரு பையனைப் பழக்கித் தருகிறது, அந்தக் கோப்பு வடிவத்தையே ஊர் வழக்கமாக்குகிறது. ஏகபோகத்தைத் திட்டுகிறவர் செலவில்லாமல் அதை வளர்க்கிறார். கணினி நிரலர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் பூட்டிய மென்பொருளை எதிர்த்தபோது பூட்டை உடைக்கவில்லை, மாற்றாக ஒன்றை எழுதப் புறப்பட்டார். ஒப்பந்ததாரர் எழுத வேண்டாம். இன்ஜினியரிடம் பிற மென்பொருள்களும் திறக்கக்கூடிய டிஎக்ஸ்எஃப் கோப்பாக அனுப்பச் சொன்னாலே பாதித் தொல்லை தீரும்.

இதில் அதிகம் பேசப்படாத ஆள் ஒருவர் உண்டு: டிராஃப்ட்ஸ்மேன். டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்த பையனிடம்தான், ஆன்டிவைரஸை அணைத்து, நெட்டைத் துண்டித்து, போலி உரிம எண் தரும் கீஜென்னை ஓட்டி, அது காட்டும் எண்ணை ஒட்டச் சொல்கிறார் முதலாளி. கட்டடத் தொழிலில் அவன் கற்கும் முதல் பாடம் அது. பிறகு சிமென்ட் கலவையில் கைவைக்காதே என்று அவனிடம் எந்த வாயால் சொல்வது? புதிய மென்பொருளுக்குக் கை பழகும்வரை வேலை தாமதமாகும். அந்த நஷ்டம் உண்மைதான், தாங்கக்கூடியதும்தான். அடுத்த வீட்டுக்கு எஸ்டிமேட் போடும்போது எம்சாண்ட், கம்பி, சென்ட்ரிங் வரிசையில் மென்பொருளுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.