நடுவர் திருந்தவில்லை, நியாயம் கிடைத்தது



இன்றைய நற்செய்தியில் வரும் கைம்பெண்ணிடம் பணமில்லை, பரிந்து பேச ஆளுமில்லை. நடுவரோ கடவுளுக்கும் அஞ்சாதவர். அவள் கல்லெறியவில்லை, திரும்பத் திரும்பப் போய் நின்றாள். தொல்லை தாங்காமல் அவர் நியாயம் வழங்கினார். அவர் மனம் மாறியதாக இயேசு சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? எதிராளி திருந்தினால்தான் அறவழி பலிக்கும் என்பது நம்முடைய தப்பெண்ணம்.

நம் கோடைக்கானல் இதைக் கண்ணால் கண்ட ஊர். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக்கொண்டு வரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை 1983-இல் இங்கே தொடங்கியது. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கிடங்கில், அந்த ஆலையின் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஏழு டன்னுக்கு மேல் சிக்கியது. திறந்த கிடங்கு, கிழிந்த சாக்குகள். யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது? ஆனால் அன்று ஆலைக்குத் தீ வைத்திருந்தால் ஆதாரமும் எரிந்திருக்கும், பாதரசமும் ஆவியாகி நம் பிள்ளைகளின் நுரையீரலுக்கே போயிருக்கும். வழக்கு நம்மவர்கள் மேல் பாய்ந்திருக்கும். மக்கள் ஊர்வலமாக ஆலை வாசலுக்குப் போனார்கள். அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது.

தொழிலாளர்களின் உடல்நலக் கணக்குத்தான் இழுத்தது. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2015-இல் இதைப் பற்றி சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாடலை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்காக நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது; அப்போதும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. நான் சொன்ன நடுவர் இவர்தான்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதையல்ல. 1900 முதல் 2006 வரை நடந்த 323 போராட்டங்களை எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். வென்றவை அறவழியில் 53 சதவீதம், ஆயுத வழியில் 26. அதற்காக அறவழியில் ஆபத்தே இல்லை என்று பீடத்தில் நின்று பொய் சொல்ல மாட்டேன். 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஓர் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேரை இழந்தோம். சிலுவையை வணங்கும் நமக்கு இது தெரியாததா?

நம் கோடைக்கானல் ஆலை மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்று அளவு வைத்தார்கள். கீழே பாம்பார் சோலை. அந்த அளவு ஏற்கத்தக்கதல்ல என்று வாதாடியவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களையும் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களையும் இந்த வார அன்பியக் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். அடுத்த மனுவில் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும்.